ரூபாய் இறங்கினால் மானம் போகுமா?

போன இதழில் டாலர் விலை பற்றி எழுதிய பதிலுக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்துக் கடிதத்துக்கு மற்றவற்றைவிட அதிக இடம் கொடுத்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர் வாசகர்: 1947-ல் ஒரு டாலருக்கு ஒரு ரூபாய்தான் என்று ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. உண்மையா?

இல்லை. நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அன்றைக்கு நம் ரூபாய் பிரிட்டிஷ் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது, ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ். பவுண்டுக்கு 240 பென்ஸ். வகுத்தால் ஒரு பவுண்டு 13.33 ரூபாய். அந்தப் பவுண்டு அப்போது 4.03 டாலர். ஆக, ஒரு டாலர் சுமார் 3 ரூபாய் 30 காசு. 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டை 2.80 டாலருக்கு இறக்கியபோது நாமும் கூடவே இறங்கினோம், டாலர் 4.76 ஆனது.

அதற்கப்புறம் 1966 வரை அந்த விலை அசையவே இல்லை. அதைப் பொற்காலம் போலப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. உள்ளூரில் விலைவாசி ஏறிக்கொண்டே போய், டாலர் விலை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றால், நம் சரக்கு வெளிநாட்டில் வருடா வருடம் விலை கூடியதாகிவிடும். ஏற்றுமதி செய்கிற ஊர்க்காரர் உங்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடைசியில் 1966 ஜூன் 6-ம் தேதி ஒரேயடியாக 7.50 ஆக்கினார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியை: 2021-ல் கனடாவில் இருக்கிற தம்பி காசு அனுப்பும்போது வங்கியில் ஒரு அமெரிக்க டாலருக்கு 200 ரூபாய் அளவில்தான் தந்தார்கள், உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் வழியாகக் காசு எடுப்பதில், அதைவிடக் கூடக் கிடைத்தது. உண்டியலில்தான் எடுத்தோம். நாடு விழுந்த பிறகு, உங்களைப் போன்ற ஆட்களால்தான் டாலர் இல்லாமல் போனது என்கிறார்கள். நாங்கள் செய்தது பிழையா? ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) வந்ததும் கரண்ட் பில் ஏன் ஏறியது?

டீச்சர், முதலில் அந்தப் பழியை இறக்கி வையுங்கள். உண்டியல் சட்டப்படி சரியான வழி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களை அந்தப் பக்கம் தள்ளியது கொழும்பில் எடுத்த ஒரு முடிவு.

உண்டியலில் என்ன நடக்கிறது? தம்பி அங்கே ஒருவரிடம் காசைக் கொடுக்கிறார், அவருடைய ஆள் இங்கே உங்களுக்கு ரூபாயாகத் தருகிறார். வெளிநாட்டுக் காசு அங்கேயே நின்றுவிடுகிறது, இலங்கை வங்கிகளுக்குள் வருவதே இல்லை. எரிபொருளும் மருந்தும் வாங்க நாட்டுக்குத் தேவைப்பட்டது அந்தக் காசுதான். 2021-ன் பிற்பகுதியிலிருந்து 2022 மார்ச் வரை மத்திய வங்கி டாலரை 200, 203 ரூபாயில் பிடித்து வைத்திருந்தது. வெளியே அந்த விலைக்கு டாலர் விற்க யாரும் தயாராக இல்லை. பலன் கணக்கில் தெரிகிறது: வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக அனுப்பியது 2020-ல் சுமார் 710 கோடி டாலர், 2021-ல் 550 கோடி, 2022-ல் 380 கோடி. விலையை விட்ட பிறகு, 2023-ல், திரும்ப 600 கோடியை நெருங்கியது. அனுப்பியவர்கள் பெரும்பாலும் அதே அண்ணன் தம்பிகள்தானே!

விலையைப் பிடித்து வைப்பதற்குக் கையிருப்பு டாலரைச் செலவழிக்க வேண்டும். 2019 முடிவில் 760 கோடி டாலர் இருந்தது. ஈஸ்டர் குண்டுவெடிப்பும் கொரோனாவும் சுற்றுலா வருமானத்தைக் கெடுத்தன. அந்த நேரம் பார்த்து வாட் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள், அதைப் பார்த்து வெளியே கடன் கொடுக்கிறவர்களும் பின்வாங்கினார்கள். இவ்வளவுக்கும் பிறகு 2022 ஜனவரியில் 50 கோடி டாலர் கடன்பத்திரத்தை முழுசாக அடைத்தார்கள். கடன்காரர் முன்னால் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்று நினைத்திருக்கலாம், ஆனால் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற சனத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனது ஆறவில்லை. மார்ச்சில் விலையை விட்டார்கள், ஏப்ரல் 12-ம் தேதி வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள், மே மாதம் டாலர் 360 ரூபாய் அளவுக்குப் போய்விட்டது. சில வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்க வேண்டியது இரண்டு மாதத்தில் இறங்கினால் எந்தக் குடும்பம் தாங்கும்?

சரி, ஐஎம்எஃப். 2023 மார்ச்சில் நான்கு வருடத்துக்கு ஏறத்தாழ 300 கோடி டாலர் ஒப்புக்கொண்டது, அதுவும் தவணை தவணையாக, ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்த்துவிட்டு. மின்சாரம் தயாரிக்க ஆகிற செலவைக் கட்டணத்திலேயே எடுக்க வேண்டும், அரசின் வரி வருமானம் கூட வேண்டும் என்பவை நிபந்தனைகளில் முக்கியமானவை. உங்கள் பில் ஏறியதும், 2024 ஜனவரியில் வாட் 18 சதவீதமானதும் அதனால்தான். கட்டணத்தை எப்படியும் ஏற்றித்தான் ஆக வேண்டியிருந்தது என்பது என் கருத்து. ஆனால் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது வங்கிகளை விட்டுவிட்டு ஊழியர் சேமலாப நிதியத்தின் மேல் சுமையை ஏற்றினார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. அது மாதச் சம்பளக்காரர் முதுமைக்குச் சேர்த்த காசு.

மதுரை கல்லூரி மாணவர்: 1991-ல் நாம் தங்கத்தை அடகு வைத்தது அவமானம் இல்லையா?

வீட்டில் சோறு வேண்டும் என்றால் நகையை வைப்பதில் என்ன அவமானம்? 1990-ல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்ததும் எண்ணெய் விலை ஏறியது, வளைகுடாவிலிருந்து வந்த பணம் குறைந்தது, வெளிநாட்டு இந்தியர்கள் டெபாசிட்டை எடுக்க ஆரம்பித்தார்கள். கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் வரும் என்ற நிலை. முதலில் ஸ்டேட் வங்கி மூலமாக 20 டன் தங்கம், அப்புறம் ஜூலையில் ரிசர்வ் வங்கியின் சுமார் 47 டன் தங்கத்தை வைத்து இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் 40 கோடி டாலர் வாங்கினோம். அதே ஜூலையில் 1-ம் தேதியும் 3-ம் தேதியும் ரூபாயின் மதிப்பையும் இறக்கினார்கள். அப்போது ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தவர் நாகர்கோவில்காரரான எஸ். வெங்கிடரமணன். அந்தக் கையெழுத்தைப் போட நெஞ்சுரம் வேண்டும். தங்கத்தை மட்டும் அடகு வைத்து, ரூபாயைத் தொடாமல் விட்டிருந்தால் வந்த டாலரும் கரைந்திருக்கும்.

கோயம்புத்தூர் வாசகர்: ஐஎம்எஃப்பில் அமெரிக்கா வைத்ததுதான் சட்டம் என்கிறார்களே?

பெரிய முடிவுகளில் பாதி உண்மை. அங்கே நாட்டுக்கு ஓர் ஓட்டு கிடையாது, பங்குத்தொகைக்கு ஏற்ப ஓட்டு. முக்கியமான மாற்றங்களுக்கு 85 சதவீதம் தேவை, அமெரிக்காவிடம் மட்டும் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. அதனால் மற்ற எல்லாரும் சேர்ந்தாலும் அமெரிக்கா வேண்டாமென்றால் நின்றுவிடும். வழக்கமான கடன்களுக்கு இந்த 85 தேவையில்லை.

உங்கள் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் 44 நாடுகள் கூடி இந்த அமைப்பை உருவாக்கியபோது, இந்தியக் குழுவில் கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் இருந்தார். போருக்காக இந்தியா கொடுத்த சரக்குக்கு பிரிட்டன் தர வேண்டிய பெரிய பாக்கியை இந்தப் புது அமைப்பு தீர்த்துவைக்க வழி செய்ய வேண்டும் என்று இந்தியக் குழு கேட்டது. ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று வருடம் கழித்து அவர்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர்.

நாகர்கோவில் வாசகர்: 1962-ல் பஹ்ரைனில் இந்திய ரூபாயில் சம்பளம் வாங்கியதாக அப்பா சொல்வார். ஒரு சிவப்புப் பத்து ரூபாய் நோட்டும் வைத்திருக்கிறார். உண்மையாக இருக்குமா?

அப்பா சொல்வது சரி. வளைகுடாவின் பல பகுதிகளில் அன்று நம் ரூபாய்தான் ஓடியது. அந்த ரூபாயைக் காட்டி அங்கே பவுண்டு வாங்க முடிந்ததால், தங்கக் கடத்தலுக்கு வசதியாகி நம் பவுண்டு கையிருப்பு கரைந்தது. அதைத் தடுக்க 1959-ல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே வேறு நிறத்தில் நோட்டு அடித்தது. குவைத் 1961-லும் பஹ்ரைன் 1965-லும் சொந்த தினாருக்கு மாறின. 1966-ல் ரூபாய் இறங்கியதும் மற்றவர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள், ஓமன் மட்டும் 1970 வரை வைத்திருந்தது. நோட்டின் எண்ணுக்கு முன்னால் ஆங்கில இசட் எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது அந்த வளைகுடா நோட்டுதான், மடிக்காமல் பத்திரமாக வையுங்கள்.