சிப்பரின் வாய்க்கு மேலே வின்ச் பொருத்தலாமா?

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டங்களுக்கு நிழல் மரக் கவாத்து வேலையை நானும் தம்பியும் இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு செய்து வருகிறோம். டிராக்டரில் இழுத்துச் செல்லக்கூடிய, சொந்த டீசல் என்ஜின் உள்ள சிப்பர் (கிளைகளையும் கட்டைகளையும் சிறு துண்டுகளாக நறுக்கும் இயந்திரம்) ஒன்றை வாங்கியிருக்கிறோம். எடை சுமார் 900 கிலோ. சரிவில் வெட்டிய சில்வர் ஓக் கட்டைகளைச் சுமந்து வருவதிலேயே பாதி நாள் போய்விடுகிறது. ஜீப்பில் பொருத்தும் 12,000 பவுண்டு இழுக்கும் மின்சார வின்ச் (கயிற்றைச் சுருட்டிச் சுமையை இழுக்கும் கருவி) ஒன்றைச் சிப்பரின் வாய்க்கு மேலே வெல்டிங் செய்து தருவதாகப் பட்டறைக்காரர் ஒருவர் சொல்கிறார். எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய். உத்தரவாதம் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. செய்யலாமா, ஐயா?

பதில்: வின்ச் உங்களுக்குத் தேவைதான், ஆனால் இந்த வின்ச்சை, இந்த இடத்தில், இந்த முறையில் பொருத்தாதீர்கள்.

முதலில் அளவைப் பார்ப்போம். ஓர் அடி விட்டமும் பத்தடி நீளமும் உள்ள பச்சைக் கட்டை ஏறக்குறைய 200 கிலோ இருக்கும். முப்பது டிகிரிச் சரிவில் அதை மேலே இழுக்க, மண்ணின் உராய்வையும் சேர்த்து, கட்டையின் எடைக்குச் சமமான விசையே போதும். வேரிலோ பாறையிலோ சிக்கினால் அதைப் போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகலாம். ஆகவே ஒரு டன் இழுக்கும் வின்ச்சே உங்களுக்கு மிகுதி. 12,000 பவுண்டு என்பது ஐந்தரை டன். கட்டை அசையாமல் சிக்கிக்கொண்டால் அந்த வின்ச் 900 கிலோ சிப்பரைத்தான் தன் பக்கம் இழுக்கும், பக்கவாட்டில் இழுத்தால் கவிழ்த்தும் விடும். மின்சார வின்ச் பாதிச் சுமையிலேயே 200 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் உறிஞ்சக்கூடியது. உங்கள் என்ஜினில் 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்கு மின்னேற்றும் கருவி) இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு நிமிடம் இழுத்ததில் பேட்டரி இழந்ததை ஈடுசெய்ய ஆறு நிமிடமாவது ஆகும். ஜீப்பைச் சேற்றிலிருந்து எப்போதோ ஒருமுறை மீட்பதற்காகச் செய்த பொருளை நாள் முழுவதும் கட்டை இழுக்க வைத்தால், அதன் மோட்டாரும் வெகுநாள் தாங்காது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய ஆபத்து கயிறுதான். இரண்டடி விட்டமுள்ள கத்தித் தட்டு நிமிடத்துக்கு 1,000 முறை சுழன்றால், அதன் விளிம்பு நொடிக்கு 30 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. தொங்கும் கயிற்றின் நுனியை ஒரு கிளை உள்ளே தள்ளி, அது தட்டில் சுற்றிக்கொண்டால், கையையோ காலையோ வளைத்துக் கிடக்கும் மீதிக் கயிறும் அதே வேகத்தில் போகும். சிவப்புப் பொத்தானை அழுத்த அவகாசமே இருக்காது. மரவேலையில் உயிர்களைப் பறித்திருக்கும் விபத்து இது. அதனால்தான் தொழிற்சாலையிலேயே வின்ச்சுடன் வரும் நல்ல சிப்பர்களில், ஹைட்ராலிக் எண்ணெய் ஒரு வால்வு வழியாக, கட்டையை உள்ளே இழுக்கும் உருளைகளுக்கு அல்லது வின்ச்சுக்கு மட்டுமே செல்லும்படி அமைத்திருப்பார்கள். கயிறு ஓடும்போது உருளை ஓடாது. பட்டறை வெல்டிங்கில் இந்தத் தடுப்பு கிடைக்காது.

சட்டப்படியும் நீங்கள்தான் இழப்பீர்கள். சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் இயந்திரம் வாங்கியவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. ஆனால் விபத்து நடந்தபோது பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால், விற்றவர்மீது பொருள் பொறுப்பு வழக்கு (பொருளால் நேர்ந்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் வழக்கு) தொடுக்கும் வகையில் வழக்குத் தொடர முடியாது என்கிறது அதன் 87ஆவது பிரிவு. உத்தரவாதச் சீட்டின் பின்பக்கத்தையும் படித்துப் பாருங்கள். அனுமதியின்றிச் செய்யும் வெல்டிங்கை அங்கே விலக்கியிருப்பார்கள்.

சிப்பரைத் தயாரித்தவரிடம், உருளையுடன் பூட்டிணைப்புள்ள (இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாத) ஹைட்ராலிக் வின்ச் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லை என்றால், மரத்தில் அகலமான நாடாவால் கட்டி நிறுத்தும், பெட்ரோலில் ஓடும் ஒரு டன் கையடக்க வின்ச்சை வாங்குங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டாவதைத்தான் முதலில் வாங்குவேன். சிப்பர் போக முடியாத சரிவுக்கும் அதைத் தூக்கிச் செல்லலாம். கட்டையைக் காபி வரிசைகளின் இடைவெளி வழியாக இழுத்து, சிப்பருக்குப் பத்தடி தள்ளி நிறுத்தி, கயிற்றை அவிழ்த்து முழுவதும் சுருட்டி வைத்த பிறகே என்ஜினைக் கிளப்புங்கள். இழுத்து வந்த கட்டையின் அடியில் மண்ணும் சரளையும் அப்பியிருக்கும். துடைக்காமல் போட்டால் கத்தி மழுங்கிவிடும். கட்டையின் முனையில் பழைய தகரக் கூம்பு ஒன்றை மாட்டி இழுத்தால், வேர்களிலும் அது சிக்காது.

கேள்வி: வின்ச்சுக்கு இரும்புக் கயிறா, செயற்கை இழைக் கயிறா?

பதில்: செயற்கை இழைக் கயிறே மேல். அறுந்தால் இரும்புக் கயிற்றைப் போல் சாட்டையாகச் சீறாது, கையைக் கிழிக்காது. வெயிலும் பாறை விளிம்பும்தான் அதற்கு எதிரிகள். பாறைமேல் உரசும் இடத்தில் உறை போடுங்கள், இழை பிசிறிய பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள்.