கேள்வி – பதில்: தோட்டாக் கூட்டுக்குப் புளி போடலாமா?

கேள்வி: துப்பாக்கி சுடும் ரேஞ்சில் சுட்ட பிறகு கீழே விழும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிவந்து, திரும்ப மருந்தடைக்கும் ரீலோடிங் கற்றுக்கொண்டிருக்கிறேன். எல்லாம் கறுத்துக் கிடக்கின்றன. ஊரில் அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத்தான் தேய்ப்பார். இதற்கும் புளி போதுமா? கடையில் விற்கும் பித்தளை பாலிஷ் வாங்கலாமா? இல்லை, இதற்கென்றே உள்ள இயந்திரம் வாங்கித்தான் ஆகவேண்டுமா?
– வாசகர், கொலம்பஸ், ஒஹையோ

பதில்: முதலில் பாலிஷ் டப்பாவைத் தூர வையுங்கள். பித்தளை பாலிஷ் பலவற்றில் அம்மோனியா இருக்கிறது. லேபிளில் அந்தப் பெயரைப் பார்த்தால் தோட்டாக் கூட்டின் பக்கமே கொண்டுவரக் கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வேலை பார்த்த காலமெல்லாம் உலோகத்தோடு பழகியவன் நான். தோட்டாக் கூட்டுப் பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். வட்டமாக வெட்டிய தகட்டைக் கிண்ணமாக்கி, அச்சில் திரும்பத் திரும்ப இழுத்துத்தான் குழாயாக்குகிறார்கள். அந்த இழுவையின் இறுக்கம் உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடும். இறுக்கத்தோடு இருக்கும் பித்தளையில் அம்மோனியா பட்டால் விரிசல் ஓடும். பிரிட்டிஷ் ராணுவம் இதை இந்தியாவில்தான் பட்டுத் தெரிந்துகொண்டது. 19ஆம் நூற்றாண்டில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்கள், மழைக்காலம் வந்தால் சுடாமலேயே கூடு பிளந்து கிடந்தன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியா, ஈரக்காற்று, உலோகத்தின் உள்ளிறுக்கம் மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது என்பதை மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் 1921இல்தான் தெளிவாக விளக்கினார்கள். .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டா வெடிக்கும்போது உள்ளே சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை அழுத்தம் ஏறலாம். அதைத் தாங்கவேண்டிய கூட்டில் மயிரிழை விரிசல்கூட இருக்கக் கூடாது. உங்கள் முகம் அதற்கு ஒரு சாண் தள்ளித்தான் இருக்கிறது.

அடுத்து புளி. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் பித்தளைக் கறுப்பைக் கரைக்கும். அம்மா செய்வது சரியான ரசாயனம்தான். ஆனால் குத்துவிளக்கைத் துணியால் துடைத்து எடுத்துவிடலாம். கூட்டின் கழுத்து உங்கள் சுண்டுவிரல் நுழையாத அளவு. உள்ளே போன நாரும் பிசுக்கும் வெளியே வராது. புளியோடு உப்பும் சேர்த்துத் தேய்ப்பது பல வீடுகளில் வழக்கம். அந்த உப்பு உள்ளே மிஞ்சினால் அரிப்பு தொடங்கும். அதனால் நான் எலுமிச்சை உப்பைச் சொல்வேன், அதாவது சிட்ரிக் அமிலம். ஒரு காலன் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, கூடுகளைப் பத்து நிமிடம் ஊறவைத்துக் குலுக்கி, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். நேரமானால் நல்லது என்று இரவெல்லாம் ஊறப்போடாதீர்கள். அமிலம் துத்தநாகத்தை இழுத்துவிட்டால் செம்பு மட்டும் மேலே நின்று, கூடு இளஞ்சிவப்பாகத் தெரியும்.

ஊறப்போடுவதற்கு முன் பழைய ப்ரைமரை, அதாவது கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை, தட்டி எடுத்துவிடுங்கள். அப்போதுதான் அந்தக் குழிக்குள்ளும் தண்ணீர் போகும், பிறகு சீக்கிரம் காயும். வெயிலில் துணி விரித்துப் பரப்பினாலே போதும். அவசரத்துக்குச் சமையல் அவனில் வைப்பது இரண்டு விதத்தில் தப்பு: சூடு கை மீறிப்போனால் கூட்டின் அடிப்பாகம் இளகிப் பலம் போய்விடும், அதோடு, நீங்கள் சாப்பாடு சமைக்கும் இடத்துக்குக் கூட்டின் கரியில் உள்ள ஈயம் வந்து சேரும்.

இயந்திரம் கட்டாயமில்லை. பிஸ்டல் கூடுகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் வாங்குங்கள். வால்நட் ஓட்டுத் தூளோ மக்காச்சோளத் தக்கைத் தூளோ போட்டு அதிரவிடும் வகை மலிவு. ஓரிரு மணி நேரத்தில் வெளிப்புறம் சுத்தமாகிவிடும். எவர்சில்வர் ஊசிகளும் தண்ணீரும் சோப்பும் போட்டு உருட்டும் வகை, ப்ரைமர் குழியின் மூலைவரை போய்ச் சுத்தம் செய்யும். தூசியும் எழாது. என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் கழுத்துக்குள் ஊசி சிக்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும்.

பார்க்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். கழுவுவதே இதற்காகத்தான் என்பேன். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுற்றிலும் ஒரு பளிச்சென்ற கோடு தெரிந்தால், உலோகம் அங்கே இழுபட்டு மெலிந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கிபோல் வளைத்து, உட்சுவரில் மெல்ல இழுத்துப் பாருங்கள். பள்ளத்தில் தட்டினால் அந்தக் கூடு அடுத்த முறை சுடும்போது இரண்டாகப் பிரியலாம். அதைக் குறடால் நசுக்கிவிட்டுப் போடுங்கள், வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி. கழுத்து பிளந்ததற்கும் அதே கதிதான். அழுக்கோடு இருக்கும் கூட்டில் இவை எதுவும் கண்ணில் படாது. கூட்டைப் பழைய அளவுக்கு அமுக்கும் அச்சான டை உள்ளே மண் துகள் போனால் அதிலும் கீறல் விழும். இவ்வளவுக்குத்தான் சுத்தம் வேண்டும். கண்ணாடிபோல் மின்னவேண்டிய அவசியம் கிடையாது. மங்கலான கூடும் அதே இடத்தில்தான் சுடும்.

கேள்வி: என் கணவர் இந்தக் கூடுகளைச் சமையலறைத் தொட்டியில் கழுவுகிறார். உலர் தூள் போட்ட இயந்திரம் சாப்பாட்டு அறைக்குப் பக்கத்தில் ஓடுகிறது. வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. நான் வீணாகப் பயப்படுகிறேனா?
– வாசகி, ஹூஸ்டன்

பதில்: இல்லை. உங்கள் பயம் முழுக்க நியாயம். இன்றைக்கே இரண்டையும் வீட்டுக்குள்ளிருந்து வெளியேற்றச் சொல்லுங்கள்.

பெரும்பாலான ப்ரைமர்களில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கூட்டின் கரியில் இருப்பது அந்த ஈயம். உலர் தூள் அதை உறிஞ்சிக்கொண்டு, மூடியைத் திறக்கும்போதும் தூளைச் சலிக்கும்போதும் தூசியாக எழுப்பும். தூசி தரையில் படியும். குழந்தை தரையில் கைவைத்து வாயில் வைக்கும். குழந்தைகளுக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று சொல்ல எந்த அளவும் கிடையாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, கவனிக்கவேண்டிய ரத்த ஈய அளவை 2021இல் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 3.5 ஆகக் குறைத்தது. குழந்தை மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள். உங்கள் கணவரும் செய்துகொள்ளட்டும்.

அவரிடம் இதையும் காட்டுங்கள்: வேலை கராஜில், கதவைத் திறந்துவைத்து, தனி வாளியில். கையில் நைட்ரைல் உறை. ரேஞ்சுக்குப் போட்ட சட்டையும் ஷூவும் குழந்தை இருக்கும் அறைக்குள் வரக் கூடாது. சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும். தரையை ஈரத்துணியால் துடையுங்கள். துடைப்பமும் சாதாரண வாக்குவமும் தூசியைக் கிளப்பிவிடும். கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றவே வேண்டாம்.

கேள்வி: ராணுவக் கூடுகளின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை. கெட்டுப்போனதா?
– வாசகர், சான் ஆன்டோனியோ

பதில்: அது கறையல்ல. கழுத்து பிளக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் சூடுகாட்டி இளக்கிய தடயம். கடைகளுக்குத் தயாரிக்கும் பலர் அதைத் தேய்த்து நீக்கி விற்கிறார்கள், ராணுவம் அப்படியே விடச் சொல்கிறது. விட்டுவிடுங்கள்.

கேள்வி: பாலிஷ் செய்த கூடுகளில் சாவிக்கொத்து செய்து சென்னையில் உறவினர் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆசை. எடுத்துப் போகலாமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: வேண்டாம். காலிக் கூடு என்று நமக்குத் தெரியும். ஸ்கேனரில் அது தோட்டா வடிவம். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், தோட்டாவின் பாகங்களையும் தோட்டா என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. விமான நிலையத்தில் நிறுத்தி விசாரித்தால் உங்கள் விடுமுறை காவல் நிலையத்திலும் வக்கீல் அலுவலகத்திலும் போய்விடும். புறப்படும் முன் பழைய ரேஞ்ச் பையின் மூலைகளையும் கோட்டுப் பைகளையும் ஒருமுறை உதறிப் பாருங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்க, நீங்கள் நன்றாகச் சுட்ட ஒரு இலக்குத் தாளை எடுத்துப் போங்கள்.