எக்ஸ்ரே நார்மல், ஆனால் கவட்டியில் வலி: அடுத்து எந்த ஸ்கேன்?

கேள்வி: எனக்கு வயது 34. வாரக் கடைசியில் ஷட்டில் ஆடுவேன். ஐந்து மாதமாக வலது கவட்டியில் வலி. சப்பணம் போட்டால், காரில் ஏறி இறங்கினால் சுருக்கென்று குத்துகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. குருத்தெலும்பு பாதித்திருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்கிறார் ஒரு டாக்டர். மூட்டுக்குள் ஊசி போட்டு எடுப்பதுதான் சரி என்கிறார் இன்னொருவர். எதை எடுப்பது?

பதில்: எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியவே தெரியாது. இடுப்பு மூட்டில் பந்து மாதிரி இருக்கும் தொடை எலும்பின் தலைக்கும், அது உட்காரும் கிண்ணத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்து, அது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கணிக்கிறோம், அவ்வளவுதான். இடைவெளி 2 மி.மீ.க்குக் கீழே போனால் தேய்மானம் கணிசமானது. ஆனால் இடைவெளி குறையாமலே ஒரு ஓரத்தில் மட்டும் குருத்தெலும்பு சிதைந்திருக்கலாம். உங்கள் வயதில் அதைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

அதற்காக அந்த ஃபிலிமைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தொடை எலும்பின் தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் புடைப்பு இருக்கிறதா, கிண்ணம் ஆழமில்லாமல் இருக்கிறதா என்று எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள். புடைப்பு நேர்ப்படத்தில் மறைந்துவிடும். காலை மடக்கி எடுக்கும் ‘டன்’ கோணப் படத்தில் பிடிபடும். காலை மடக்கும்போதெல்லாம் அந்தப் புடைப்பு கிண்ணத்தின் விளிம்பில் இடித்து, குருத்தெலும்பை அடியோடு பெயர்க்கும். ஈரச் சுவரில் பெயின்ட் உப்பி நிற்குமே, அப்படி: மேலே பார்த்தால் முழுசாக இருக்கும், அடியில் பிடிப்பு இருக்காது. அதனால்தான் இந்தப் பெயர்வு ஸ்கேனிலும் சில நேரம் தப்பிவிடுகிறது.

இடுப்புக் குருத்தெலும்பு முழங்காலில் இருப்பதைவிட மெல்லியது. பந்தின் மேலும் கிண்ணத்தின் உள்ளும் இருப்பவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேறு இருக்கும். ஆகவே இரண்டு இடுப்பையும் ஒரே படத்தில் அடக்கும் ‘பெல்விஸ் எம்.ஆர்.ஐ.’ மட்டும் போதாது. சீட்டில் ‘வலது இடுப்பு மூட்டு’ என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். காந்த சக்தி அதிகமுள்ள 3 டெஸ்லா மெஷின் கிடைத்தால் நல்லது.

ஊசி போட்டு எடுப்பது எம்.ஆர். ஆர்த்ரோகிராம். நீர்த்த கடோலினியம் மருந்தை மூட்டுக்குள் செலுத்துவார்கள். மூட்டு விரியும், விரிசலுக்குள் மருந்து இறங்கும். கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றியுள்ள ‘லேப்ரம்’ என்ற வளையம் கிழிந்திருந்தால் நன்றாகவே தெரியும். அதோடு மரத்துப்போகும் மருந்தையும் கலந்து போட்டால் இன்னொரு லாபம் உண்டு. அது வேலை செய்யும் நேரத்தில், வலி தரும் அசைவுகளைச் செய்து பாருங்கள். வலி சட்டென்று அடங்கினால் பிரச்சினை மூட்டுக்குள்தான். அடங்காவிட்டால் முதுகுத்தண்டு, தசை என்று வேறு பக்கம் தேடலாம். சிறுநீரகக் கோளாறோ மருந்து அலர்ஜியோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

என் யோசனை: முதலில் ஊசி இல்லாத எம்.ஆர்.ஐ. போதும். எக்ஸ்ரே ஆரம்பத்தில் தவறவிடும் எலும்பின் இரத்த ஓட்டக் குறைவும் நுண்முறிவும் அதிலேயே தெரிந்துவிடும். ஸ்டீராய்டு மாத்திரை நாள்பட சாப்பிட்டவர்கள், மது அதிகம் குடிப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. படம் தெளிவில்லை, துளை அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு வருகிறது என்றால் அப்புறம் ஆர்த்ரோகிராம் எடுக்கலாம்.

ரிப்போர்ட்டில் ‘லேப்ரம் கிழிசல்’ என்று இருந்தால் பதற வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கிறது. கையால் காலை மடக்கித் திருப்பிப் பார்க்கும் பரிசோதனையும் படமும் ஒத்துப்போனால்தான் அடுத்த முடிவு. வீட்டில் 60 தாண்டிய யாருக்காவது எக்ஸ்ரேயிலேயே இடைவெளி சுருங்கியிருந்தால், பெரும்பாலும் அவருக்கு எம்.ஆர்.ஐ. தேவைப்படாது; அந்தப் பணத்தைப் பிசியோதெரபிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.