கையொப்பம் இருந்தால் சம்மதமா?

கேள்வி: என் மைத்துனிக்கு மூன்றாவது பிள்ளை சிசேரியன் மூலம் பிறந்தது. சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் கொண்டுபோகும்போது நீட்டிய தாளில் வலியோடு ஒப்பம் வைத்திருக்கிறார். தையல் பார்க்கப் போன அன்றுதான், இனிப் பிள்ளை உண்டாகாதபடி கருக்குழாய் கட்டப்பட்டது (நிரந்தரக் கருத்தடை) தெரியவந்தது. கேட்டால், "நீங்கள்தானே ஒப்பம் வைத்தீர்கள்" என்கிறார்கள். இனி ஒன்றும் பேச முடியாதா?
- வாசகி, சாவகச்சேரி

பதில்: தாராளமாகப் பேசலாம், சகோதரி. உங்கள் மைத்துனிக்குச் சொல்லப்பட்ட அதே பதில், 2000ஆம் ஆண்டு சிலோவாக்கியாவில் றோமா என்ற சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த இருபது வயதுப் பெண் ஒருவருக்கும் சொல்லப்பட்டது. பிரசவ வலியின் நடுவே, அடுத்த பிள்ளை உண்டானால் தாயோ பிள்ளையோ பிழைக்காது என்று அச்சுறுத்தி, "நோயாளி கருத்தடை கோருகிறார்" என்று தட்டச்சு செய்த வரியின் கீழே அவரிடம் ஒப்பம் வாங்கினார்கள். அந்த எழுத்துகள் நடுங்கியிருந்தன. தன் பெயரையே அவர் இரண்டு துண்டாகப் பிரித்து எழுதியிருந்தார். 2011 நவம்பரில் தீர்ப்பளித்த ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், கருத்தடை என்பது உயிர்காக்கும் அவசர சிகிச்சை அல்லவென்றும், அவர் மனிதத்தன்மையற்ற முறையில் நடத்தப்பட்டாரென்றும் கூறி, 31,000 யூரோ இழப்பீடு வழங்கப் பணித்தது. ஹங்கேரியில் இன்னொரு பெண்ணிடம், அவருக்கு விளங்காத இலத்தீன் சொல்லில் எழுதி ஒப்பம் பெற்றார்கள். வைத்தியசாலைக்கு வந்துசேர்ந்து பதினேழே நிமிடங்களில் எல்லாம் முடிந்திருந்தது. பதினேழு நிமிடத்தில் நாம் ஒரு சேலைகூடத் தெரிந்தெடுப்பதில்லை! 2006இல் அவருக்குச் சார்பாகத் தீர்மானித்தது, பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் ஐ.நா. சமவாயத்தின் குழு. அச்சமவாயத்தை இலங்கை 1981இலேயே ஏற்றுக்கொண்டது.

மூன்று பிள்ளைகள் போதும் என்று உங்கள் மைத்துனியே நினைத்திருக்கலாம். ஆனால், அதை வலியில்லாத ஒரு நாளில், தன் மொழியில் விளக்கம் கேட்டு, வேண்டாமென்று மறுக்கவும் இடமிருக்கும்போது அவர் சொல்லியிருக்க வேண்டும். கணவரோ மாமியாரோ "சரி" என்றது அவருடைய சம்மதமாகாது.

எமது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை கொடூரமான, இழிவான நடத்துகையைத் தடைசெய்கிறது. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர்நீதிமன்றத்தை நாடும் கால எல்லை ஒரு மாதமே. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆகவே நாள் கடத்தாமல் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குச் செல்லுங்கள். வீடு திரும்பும்போது தந்த அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். ஒப்பமிட்ட படிவத்தின் பிரதியை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாளில் நேரம் குறிக்கப்பட்டிருந்தால், அதைப் பிள்ளை பிறந்த நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க மறவாதீர்கள்.