பதில்: எஃப்எம் ஒலி விட்டு விட்டு வருகிறது, டெர்மினலில் 'ஏயூ ஏயூ' என்று ஓடுகிறது

ஆன்டெனாவையும் டிரைவரையும் விட்டுவிடுங்கள், உங்கள் க்னூ ரேடியோ (ரேடியோ சிக்னலைக் கணினியில் கையாளும் மென்பொருள்) வரைபடத்தில் சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை மாதிரிகள் என்ற அளவு) கணக்குதான் இடிக்கிறது. ஆர்டிஎல்-எஸ்டிஆரில் (அந்த யூஎஸ்பி ரேடியோ டாங்கிளில்) 20 லட்சம் வைத்திருக்கிறீர்கள், ஃபில்டர் அதை 10-ஆல் குறைத்து 2 லட்சமாக்குகிறது, டீமாடுலேட்டர் (சிக்னலிலிருந்து ஒலியைப் பிரிக்கும் பிளாக்) மறுபடி 5-ஆல் குறைக்கிறது, கடைசியில் கிடைப்பது 40,000. ஆடியோ சிங்க் (சவுண்ட் கார்டுக்கு ஒலியை அனுப்பும் பிளாக்) கேட்பதோ 48,000. போதாத ஒவ்வொரு முறையும் அந்த 'ஏயூ' விழும் (ஆடியோ அண்டர்ரன் என்பதன் சுருக்கம்தான் அது).

சோர்ஸை, அதாவது ஆர்டிஎல்-எஸ்டிஆரின் ரேட்டை, 24 லட்சமாக்குங்கள்; 10-ஆலும் 5-ஆலும் குறைந்து சரியாக 48,000 வரும். டீமாடுலேட்டரின் குவாட்ரேச்சர் ரேட் (அதற்குள் நுழையும் ரேட்) 2,40,000 ஆக வேண்டும், இதைத்தான் பலரும் மறப்பார்கள். 20 லட்சமே வேண்டுமென்றால் ஆடியோ சிங்குக்கு முன்னால் ஒரு ரேஷனல் ரீசாம்ப்ளர் (ரேட்டை மாற்றும் பிளாக்) போட்டு இன்டர்பொலேஷன் (பெருக்கும் எண்) 6, டெசிமேஷன் (வகுக்கும் எண்) 5 கொடுங்கள், அதுவும் சரியாக வரும்.

மாற்றுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். ஆடியோ சிங்கை எடுத்துவிட்டு 48,000-இல் வேவ் ஃபைல் சிங்க் வைத்து, கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் பதியுங்கள். கோப்பு 50 விநாடிதான் இருந்து, அறிவிப்பாளர் குரல் கீச்சென்று வேகமாகக் கேட்டால் நான் சொன்னதுதான்.

'ஓ' என்றும் விழுந்தால் அது வேறு கதை, கணினி ஈடுகொடுக்கவில்லை. அப்புறம், எல்லாம் சரியான பிறகும் எப்போதாவது ஒரு 'ஏயூ' வரலாம். சவுண்ட் கார்டின் கடிகாரமும் டாங்கிளின் கடிகாரமும் அச்சு அசலாக ஒன்றாக ஓடாது. அதற்காகத் த்ராட்டில் பிளாக்கை (ஓட்ட வேகத்தை மட்டுப்படுத்தும் பிளாக்) சேர்க்காதீர்கள், வன்பொருள் இருக்கும் வரைபடத்தில் அது தொல்லைதான்.