நூறு பேருக்கு ஒரே மெயிலா?

கேள்வி: அக்கா, காரைக்குடியில் மின்வேதியியலில் பிஎச்டி முடித்திருக்கிறேன். லித்தியம் பேட்டரிதான் என் துறை. ஜெர்மனியில் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) தேடி நூறு பேராசிரியர்களுக்காவது மெயில் அனுப்பியிருப்பேன். பதில் போட்ட ஓரிருவரும் ‘பணம் இல்லை’ என்கிறார்கள். என்ன செய்யலாம்?
- பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: தம்பி, எங்கள் ஆய்வகத்துக்கும் இப்படி மெயில்கள் வந்துகொண்டேதான் இருக்கும். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று ஆரம்பிக்கும் (எங்கள் பேராசிரியர் ஒரு பெண்). பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்வரை இணைத்திருப்பார்கள். அனுப்பியவருக்கு என்ன வேலை தெரியும் என்பது மட்டும் அதில் இருக்காது.

‘பணம் இல்லை’ என்பதைத் தட்டிக்கழிப்பதாக நினைக்காதீர்கள், பெரும்பாலும் அது நிஜம். ஜெர்மனியில் போஸ்ட்டாக் சம்பளம் அநேகமாக டிஎஃப்ஜி (ஆய்வுகளுக்குப் பணம் தரும் ஜெர்மன் அமைப்பு), ஐரோப்பிய ஒன்றியம் போன்ற இடங்களில் ஒரு திட்டத்துக்கென்று வாங்கிய பணத்திலிருந்துதான் வருகிறது. ஆள் தேவைப்பட்டால் விளம்பரம் வரும். ஐரோப்பிய ஆய்வு வேலைகளைத் தரும் யூராக்ஸஸ் தளத்தோடு, உல்மில் உள்ள ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிறுவனம், மியூன்ஸ்டரின் மீட் பேட்டரி மையம், யூலிஷ் ஆய்வு மையம் ஆகியவற்றின் வேலைவாய்ப்புப் பக்கங்களையும் பார்த்து வாருங்கள்.

விளம்பரம் இல்லாத இடத்தில் வேலை கேட்காதீர்கள், ஆய்வகத்தில் இடம் மட்டும் கேளுங்கள். பணத்துக்கு நீங்கள் தனியாக விண்ணப்பிக்கலாம். ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை தரும் போஸ்ட்டாக் உதவித்தொகைக்கு பிஎச்டி முடித்து நான்கு ஆண்டுக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி போஸ்ட்டாக் திட்டத்துக்குக் கடைசித் தேதி வழக்கமாக செப்டம்பரில் வரும். அதில் ஒரு சிக்கல் உண்டு: கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் ஜெர்மனியில் இருந்திருந்தால், ஜெர்மன் ஆய்வகத்துக்கு அதில் விண்ணப்பிக்க முடியாது. ‘முதலில் போய்ச் சேருவோம், அப்புறம் போடுவோம்’ என்று இருந்துவிடாதீர்கள். இரண்டுக்குமே உங்களை ஏற்கிற பேராசிரியரின் சம்மதம் முதலில் வேண்டும்.

அந்தச் சம்மதத்துக்கான மெயில் அரைப் பக்கம் போதும். அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றைச் சொல்லி, அதிலிருந்து நீங்கள் எதைத் தொடர நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அப்புறம் உங்கள் கைவேலை. காயின் செல்லை (சோதனைக்கான பொத்தான் பேட்டரி) குளோவ் பாக்ஸுக்குள் (காற்றும் ஈரமும் புகாத பெட்டி) நீங்களே அசெம்பிள் செய்தீர்களா, ஜூனியர் செய்து தந்தாரா? பத்து செல் செய்தால் பத்தும் ஒரே மாதிரி வருமா? இம்பிடன்ஸ் (செல்லின் மின்மறுப்பு) அளவீட்டை நீங்களே அலசுவீர்களா? நான் ஒரு விண்ணப்பத்தில் முதலில் தேடுவது இதைத்தான். கட்டுரைகளின் எண்ணிக்கை அதற்குப் பிறகுதான். உங்கள் கைடுக்கு அங்கே யாரையாவது தெரிந்திருந்தால், உங்களைப் பற்றி இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள், அது உங்கள் நூறு மெயிலைவிடப் பலன் தரும்.

கேள்வி: ஜெர்மனியில் போஸ்ட்டாக் செய்ய வேலை, உதவித்தொகை இரண்டில் எது நல்லது? கணவரும் மூன்று வயதுக் குழந்தையும் கூட வரலாமா?
- வாசகி, மதுரை

பதில்: குழந்தையோடு போகிறவருக்கு நான் வேலையைத்தான் சொல்வேன். பல்கலைக்கழகத்தில் முழுநேர போஸ்ட்டாக் என்றால் வழக்கமாக டிவி-எல் (ஜெர்மன் மாநில அரசு ஊழியர் சம்பள ஒப்பந்தம்) 13ஆம் நிலைச் சம்பளம். வரி, காப்பீடு எல்லாம் போய்க் கையில் வருவதைப் பார்த்தால் முதல் மாதம் மனசு கொஞ்சம் சோர்ந்துபோகும். ஆனால் அந்தப் பிடித்தத்தில்தான் மருத்துவம், ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு எல்லாம் வருகின்றன. ஹம்போல்ட் போன்ற உதவித்தொகையில் ஓய்வூதியமும் வேலையின்மைக் காப்பீடும் சேராது.

ஆய்வாளர் விசாவில் போனால் கணவரும் குழந்தையும் கூட வரலாம். கணவர் அங்கே வேலையும் பார்க்கலாம். விசாவைவிடக் கஷ்டம் மழலையர் பள்ளியில் இடம் பிடிப்பது. ஒப்பந்தம் கையில் கிடைத்ததுமே அந்த ஊர் நகராட்சிக்கு எழுதி, காத்திருப்போர் பட்டியலில் எப்போது பெயர் கொடுக்கலாம் என்று கேட்டுவிடுங்கள்.