சதுர அடிக்கு விலை பேசிக் கையெழுத்துப் போட்ட பிறகு கான்ட்ராக்டர் கூடுதல் பணம் கேட்கலாமா?

கேட்கலாம், நீங்கள் கொடுத்தாக வேண்டியதில்லை. சதுர அடிக்கு 2,300 என்று எழுதி, லிண்டல் மட்டம் வந்ததும் கம்பி, எம் சாண்ட் விலை ஏறிவிட்டது, 200 சேர்த்துக் கொடுங்கள் என்கிறார் என்றால், முதலில் ஒப்பந்தத்தில் விலையேற்றம் பற்றி ஏதாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேசிய விலைதான். செலவு கூடிவிட்டது என்பதற்காக ஒப்பந்த விலைக்கு மேல் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே 1960-ல் அலோபி பர்ஷாத் வழக்கில் சொல்லியிருக்கிறது.

ஆனால் நீங்களே கேட்டு மாற்றியவை வேறு கணக்கு. பேஸ்மென்டை ஓரடி உயர்த்தியது, சம்ப்பைப் பெரிதாக்கியது, விலை கூடிய டைல்ஸ் எடுத்தது, இதற்கெல்லாம் அவர் பணம் கேட்பது நியாயம்தான்.

ஒன்றில் மட்டும் கவனம்: அவர் வாட்ஸாப்பில் புது ரேட் அனுப்பும்போது, பேச்சை முடிக்க 'சரி சார்' என்று பதில் போட்டுவிடாதீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62-ஆம் பிரிவுப்படி இருவரும் ஒத்துக்கொண்டால் பழைய ஒப்பந்தத்தை மாற்றலாம். நாளைக்கு அந்த 'சரி'யைத்தான் காட்டுவார்.

வேலையை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டினால், வெளி இன்ஜினியர் ஒருவரை வைத்து முடிந்த வேலையை அளந்து, கொடுத்த பணத்தோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் வேலையைவிடப் பணம்தான் முன்னால் போயிருக்கும். அப்புறம் வக்கீல் நோட்டீஸ், அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையமே போதும். சொந்த மனையில் ஒற்றை வீடு கட்டுவதற்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பொதுவாக வராது, அங்கே அலைய வேண்டாம்.